இடது இறக்கை

12 ஆகஸ்ட் 1974

இடது இறக்கையின் நுனியில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். காலையில் பாஷ்யம் சார் தனியாக ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வந்து, ஹேங்கர் கொட்டகை வாசலில் விமானத்தை நிறுத்தி இறங்கியதுமே, "ஆசீர்வாதம், அந்த உடைமரம் ஒரு கீறு கீறிடுத்துய்யா. காத்து தள்ளிடுத்து" என்றார்.

ஓடுபாதையிலிருந்து ஹேங்கருக்குத் திரும்பும் வழியில், வேலியோரமாக நிற்கும் முள்மரம். காற்றின் திசை காட்டும் துணிப்பை கம்பத்தில் அசையாமல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் கரிசல் காட்டில் எந்த நேரத்தில் எங்கிருந்து காற்றுக் கிளம்பும் என்று யாரும் சொல்ல முடியாது.

வெளியாட்கள் விமானம் என்றால் முழுக்கத் தகரம் என்று நினைக்கிறார்கள். எங்கள் ஃபிளையிங் கிளப்பின் ஒரே விமானமான புஷ்பக்குக்கு உடம்பு, இறக்கை, வால் எல்லாம் சட்டத்தின்மேல் இழுத்துப் போர்த்திய பருத்தித் துணிதான். அதன்மேல் டோப் என்கிற வார்னிஷைப் பூசினால், காயும்போது துணி சுருங்கி மத்தளத் தோல்போல விறைத்துக்கொள்ளும். விமானப்படையில் எனக்கு இந்த வேலையைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே பாஷ்யம் சார் அதிகாரி, நான் துணி வேலைக்காரன். அவர் ஓய்வு பெற்று இந்தக் கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்தபோது என்னையும் கூப்பிட்டுக்கொண்டார்.

கிழிசலைச் சுற்றிப் பழைய பூச்சைத் தின்னர் வைத்துச் சுரண்டினேன். அது போகாவிட்டால் ஒட்டுத் துணி பிடிக்காது. பிறகு வளைந்த ஊசியால் மெழுகு நூலில் தைத்தேன். சார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பழைய கதைகள் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இடப்பக்கம் பெட்டிமேல் டீ வைத்திருந்தேன். "டீ எங்கடா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பியதில் முழங்கை பட்டுத் தம்ளர் விழுந்துவிட்டது. கதை சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு வேறு எதிலும் கவனம் இருக்காது.

13 ஆகஸ்ட்

ஒட்டுப் போட்டு முதல் பூச்சு டோப். நல்ல வெயில். சீக்கிரம் காய்ந்தது.

30 ஆகஸ்ட்

மகள் மெர்சிக்குப் பிறந்தநாள். சாரும் அவர் மனைவி கோமளம் மாமியும் வந்திருந்தார்கள். சார் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டவர்கள் உண்டு. அவர் என் மனைவி எஸ்தர் செய்த பாயசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஏழு வருஷம் முன்பு மெர்சிக்குத் தொண்டை அடைப்பான் வந்து மூச்சு நின்றுவிடும் நிலை. ஐப்பசி மழை. மதுரைக்குப் போகும் ரோட்டில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. கிளப்பில் யாரிடமும் அனுமதி கேட்காமல், எஸ்தரின் மடியில் பிள்ளையை வைத்து, அந்த மேகத்துக்குள் சார் பறந்து போனார். இரண்டு பேர்தான் உட்காரலாம் என்பதால் நான் கீழே நின்றேன். மழையில் நனைந்துகொண்டு சத்தம் மறையும்வரை நின்றேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதத் தேவையில்லை. மெர்சி இன்று புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வீட்டுக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

வாசல்படி ஏறும்போது சார் அவள் காலை மிதித்துவிட்டார். "ஐயோ, இங்கயா நிக்கறே?" என்று பதறி அவளைத் தூக்கிக்கொண்டார். வெளி வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் எனக்கும்தான் ஒன்றும் தெரிவதில்லை.

19 செப்டம்பர்

மறுபடி இடது இறக்கை. ஹேங்கருக்குள் ஓட்டி வரும்போது கதவின் இரும்பு விளிம்பு கிழித்துவிட்டது. சார் இறங்கி வந்தார்.

"கதவை முழுக்கத் தொறந்து வைக்கலையா நீ?"

"முழுக்கத்தான் சார் தொறந்துருக்கு."

"இல்லய்யா, அரைவாசிதான் இருந்தது." சொல்லிவிட்டுத் தலையை முழுதாகத் திருப்பிக் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "சின்னக் கிழிசல்தானே. கிளப் செயலர் கிட்டல்லாம் சொல்லணும்னு இல்ல. என்ன?" என்றார்.

"இல்ல சார்."

சின்னக் கிழிசல்தான். தைத்துவிட்டேன்.

20 செப்டம்பர்

வழியில் இடப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த பழைய எண்ணெய் ட்ரம்களை ஹேங்கருக்குப் பின்னால் உருட்டிப் போனேன். மழைக்காலத்தில் துருப்பிடிக்கும்.

உடைமரத்தையும் வெட்டிவிட்டேன். எஸ்தர் விறகு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

27 செப்டம்பர்

ஓடுபாதை ஓரத்துக் கற்களுக்கு வெள்ளையடித்தேன். எல்லாக் கற்களுக்கும். பார்க்க நன்றாக இருக்கிறது.

8 அக்டோபர்

புது மாணவி சேர்ந்திருக்கிறாள். பெயர் ஹேமலதா. தூத்துக்குடியில் டாக்டர் ஒருவரின் மகள். கல்லூரி முடித்துவிட்டாள். விமானம் ஓட்டியே தீருவேன் என்று வீட்டில் சண்டை போட்டு வந்திருக்கிறாள் என்று சார் சந்தோஷமாகச் சொன்னார்.

வந்தவள் நேராக இறக்கையை விரலால் தட்டிப் பார்த்தாள். "அண்ணாச்சி, இது துணியா? இந்தத் துணிய நம்பியா மேல போறோம்?"

"துணிய நம்பாட்டா பரவாயில்லம்மா. தச்சவன நம்பு."

சிரித்தாள். சார் அவளுக்கு முதல் பாடம் எடுத்தபோது கேட்டுக்கொண்டே வேலை செய்தேன். அவரைப்போல் சொல்லித்தர யாராலும் முடியாது. காற்று இறக்கையை எப்படித் தூக்குகிறது என்பதைத் தன் மேல்துண்டை விரித்துப் பிடித்துக் காட்டினார். அந்தப் பெண் கண் இமைக்காமல் கேட்டாள்.

21 அக்டோபர்

மழை. ஈரக்காற்றில் டோப் பூசினால் வெள்ளை பூத்து வீணாகிவிடும். வேலை இல்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்தேன்.

சாப்பாடு போடும்போது எஸ்தர், "ஏங்க, சாருக்குக் கண்ணு சரியாத் தெரியலியோ?" என்றாள். "நேத்துக் கடைத்தெருவுல பக்கத்துலயே நின்னு கும்பிட்டேன். பாக்காமலே போய்ட்டாக."

"அவுக ஏதாவது யோசனையில போயிருப்பாக."

"திரும்பிப் பாத்த பெறவு நல்லாத்தான் பேசினாக. நேரே பாத்தா தெரியுது. பக்கத்துல நின்னா தெரியலபோல."

"நீ என்ன டாக்டரா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். மெர்சி என்னைப் பார்த்தாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

5 நவம்பர்

கோமளம் மாமி ஹேங்கருக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே வந்ததில்லை. சார் மேலே பறந்துகொண்டிருந்த நேரம். கையில் தூக்குப் பாத்திரம். சாருக்குச் சாப்பாடு கொண்டுவந்ததாகச் சொன்னார். சார் எப்போதும் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடுவார்.

"இன்னும் எவ்வளவு நாழி ஆகும் எறங்க?"

"இப்ப வந்துருவாக அம்மா."

வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சக்கரம் தரையில் பட்டு விமானம் ஓடி நிற்கும்வரை புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தார். பிறகு, "ஒரு நாள் பறக்கலேன்னா ஆத்துல அவர் என்ன பண்ணுவார்னே எனக்குத் தெரியல. நீங்க கூடவே இருக்கேள். பாத்துக்கோங்கோ" என்றார்.

"பாத்துக்கிடுதேன் அம்மா."

எதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

21 நவம்பர்

மழைக்குப் பிறகு ஓடுபாதை ஓரம் புல் வளர்ந்திருக்கிறது. பேச்சி அங்கே ஆடு மேய்ப்பாள். விமானம் இறங்கும் சத்தம் கேட்டால் ஆடுகளை ஒதுக்கிக்கொள்வாள். இன்று ஒதுக்கியிருந்தாள். பாதைக்கு வெளியே, இடப்பக்கம்தான் நின்றாள்.

சார் ஹேமலதாவுக்கு இறங்கும் பாடம் காட்டிக்கொண்டிருந்தார். விமானம் தாழ வந்தது. பாதையின் நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் சாய்ந்து வந்தது. நான் ஹேங்கர் வாசலில் நின்று கையை ஆட்டினேன். அந்தத் தூரத்தில் என் கை யாருக்குத் தெரியும்?

சக்கரம் ஆட்டின்மேல் ஏறியது. பேச்சி குப்புற விழுந்தாள். கடைசி நேரத்தில் விமானம் வெடுக்கென்று திரும்பிப் பாதையை விட்டு இறங்கி, கருவேலம் புதருக்குள் இடது இறக்கையை விட்டு நின்றது.

ஓடினேன். பேச்சிக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். சக்கரத் தடம் அவள் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போயிருந்தது. செத்த ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"எம்மா! செவப்புச் சேல கட்டிக்கிட்டு மலமாதிரி நிக்கேன். ஒரு ஆளு நிக்கது தெரியலியாக்கும் அவுகளுக்கு? வானத்துலேருந்து வாற கண்ணுக்கு இத்தாம் பெரிய மனுசி தெரியலியா?"

சார் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஆடு குறுக்கே வந்துடுத்து ஆசீர்வாதம். திடீர்னு குறுக்கே வந்துடுத்து" என்றார். பேச்சி அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவர் தேடித் திரும்பிய பிறகே அவளைக் கண்டார். கையெடுத்துக் கும்பிட்டார்.

எல்லாரும் போன பிறகு ஹேமலதா ஹேங்கருக்குள் வந்தாள். "அண்ணாச்சி, ஆடு குறுக்க வரல. மொதல்லேருந்தே அங்கதான் நின்னுது. நான் ‘சார், ஆளு, ஆளு’ன்னு கத்துறேன். ‘எங்க, எங்க’ன்னு கேக்காங்க. நான்தான் திருப்பினேன். தப்பா அண்ணாச்சி?"

"தப்பில்லம்மா."

"அவங்களுக்குத் தெரியல அண்ணாச்சி."

விமானத்தின் வயிற்றுப் பக்கத் துணியில் ரத்தம் தெறித்திருந்தது. சோப்புத் தண்ணீர் வைத்துக் கழுவினேன். துணியில் ஏறவில்லை. டோப் பூச்சுக்கு மேலேயே நின்றதால் வந்துவிட்டது.

22 நவம்பர்

காலையில் போனதும் இடது இறக்கையின் கீழே உட்கார்ந்தேன். நுனியிலிருந்து பாதிவரை துணி கிழிந்து தொங்குகிறது. உள்ளே சட்டங்கள் தெரிகின்றன. கத்திரியால் ஓரத்தை வெட்ட ஆரம்பித்தேன். இரண்டு இடம் வெட்டிவிட்டு நிறுத்தினேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சார் வந்தார். "நாளைக்குள்ள தச்சுடுவியா? ஞாயித்துக்கிழமை செயலர் வரார்."

"இது ஒட்டுப் போட்டு ஆகாது சார்."

"ஆகும்யா. உன்னால ஆகாததா?"

கத்திரியை எடுத்துக்கொண்டு அவருக்கு இடப்பக்கம் போய் நின்றேன். அதை அவரிடம் நீட்டினேன். அவர் கிழிந்த துணியையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். எங்கிருந்து எங்கே தைக்கலாம், எவ்வளவு துணி போதும் என்று சொன்னார். நான் கத்திரியை நீட்டியபடியே நின்றேன். கை வலித்தது. அவர் என்னிடம்தான் பேசினார், ஆனால் நான் நின்ற இடத்தைப் பார்க்கவில்லை.

"சார்" என்றேன். அவர் தலையைத் திருப்பினார். நீட்டிய கத்திரியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

ஸ்டூலைக் காலால் தடவி இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நேரே பாத்தா பரிசோதனை அட்டையில கடைசி வரி வரைக்கும் படிக்கறேன் ஆசீர்வாதம். அதனாலதான் டாக்டருக்குத் தெரியல. ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கல்."

"கொஞ்சமா சார்?"

மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "எனக்கே பயமாத்தான் இருந்தது. புரட்டாசியோட நிறுத்திடலாம்னு நெனைச்சேன். அப்பறம் நீ மரத்தை வெட்டினே. ட்ரம்மை எடுத்தே. கல்லுக்கெல்லாம் வெள்ளையடிச்சே. சரி, ஆசீர்வாதத்துக்குத் தெரிஞ்சிருக்கு, அவன் பாத்துக்கறான்னு தைரியம் வந்தது. அந்தத் தைரியத்துலதான் பறந்தேன்" என்றார்.

குற்றம் சொல்லும் குரலில் இல்லை. நன்றி சொல்வதுபோல்தான் சொன்னார்.

இறக்கைத் தாங்கியைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் ரெண்டு மூணு மாசம். அந்தப் பொண்ணு தனியாப் பறக்கற வரைக்கும். அவளுக்குக் கை வந்துடுத்து. அதுக்கப்பறம் நானே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன். இதை மட்டும் தச்சுக் கொடு."

"அந்தப் பிள்ளையும் உள்ளதான் சார் இருந்துச்சு."

அவர் எழுந்து வெளியே போனார். கதவின் அருகே கையை நீட்டித் தொட்டுப் பார்த்து நடந்தார்.

மெர்சியைப் பற்றி அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தைத்துக் கொடுத்திருப்பேன். சொல்லவில்லை.

24 நவம்பர்

ஞாயிறு. கோயிலில் பிரசங்கம் எதைப் பற்றி என்று எஸ்தர் கேட்டாள். தெரியவில்லை.

செயலர் இன்று வரவில்லை.

25 நவம்பர்

பஸ் ஏறிச் செயலரின் மில்லுக்குப் போய், அவரிடம் சாரின் கண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"எப்பலேருந்துய்யா இது?"

"ஆகஸ்ட்லேருந்து."

"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று எழுதவேண்டியதில்லை.

"நீர் சொன்னதா நான் சொல்லமாட்டேன்" என்றார் செயலர்.

"சொல்லுங்க" என்றேன்.

3 டிசம்பர்

பறப்பு நிறுத்தம். ஹேங்கரில் நான் மட்டும்.

9 டிசம்பர்

ஹேமலதா வந்தாள். அவளுடைய அப்பாவே சாரை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறார். கண்ணுக்குள் அழுத்தமாம். இடது கண்ணில் ஓரப்பார்வை சுத்தமாகப் போய்விட்டது, வலதிலும் சுருங்கிக்கொண்டு வருகிறது.

"குழாய் வழியாப் பாக்கற மாதிரிதான் பாக்காங்களாம் அண்ணாச்சி. போனது திரும்பாதாம். இருக்கறதையாவது காப்பாத்த மருந்து குடுத்துருக்காங்க. ரெண்டு வருசம் முந்தி வந்துருந்தா நிறைய மிச்சம் இருந்துருக்கும்னு அப்பா சொன்னாங்க."

"சார் என்ன சொன்னாக?"

"வர்ற வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்துருந்தாங்க."

14 டிசம்பர்

சாரின் வீட்டுக்குப் போனேன். கோமளம் மாமி கதவை முழுக்கத் திறக்கவில்லை. "தூங்கறார்" என்றார். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"அப்பறமா வாறேன் அம்மா."

"பாத்துக்கோங்கோன்னு உங்ககிட்டதானே சொன்னேன்" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கதவைச் சாத்திக்கொண்டார்.

25 டிசம்பர்

வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் காலையில் சார் வந்துவிடுவார். இந்த வருஷமும் எஸ்தர் முறுக்கும் அதிரசமும் அதிகமாகவே சுட்டாள். பத்து மணிவரை பார்த்துவிட்டு மெர்சியிடம் தட்டைக் கொடுத்து அனுப்பினேன்.

தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அதில் வாழைப்பழமும் கல்கண்டும் இருந்தன. "சார் எங்கிட்ட ரொம்ப நேரம் பேசினாங்க. என்ன பாடம் நடக்குன்னு கேட்டாங்க. அம்மாவக் கேட்டாங்க" என்றாள்.

"அப்பாவ?"

தலை குனிந்துகொண்டாள். பிறகு, "ஸ்கூல்ல எல்லாரும் சொல்றாங்க. நீங்க சார மாட்டிவிட்டுட்டீங்களாமே. நெசமா அப்பா?" என்றாள்.

"நெசந்தான்."

எஸ்தர் ஏதோ சொல்ல வந்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். பிள்ளை உள்ளே போய்ப் புதுச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டுக்கொண்டாள்.

17 ஜனவரி 1975

பொங்கல் முடிந்து வேலை தொடங்கினேன். ஈரம் போய்விட்டது. சென்னையிலிருந்து புதுப் பயிற்சியாளர் வரப்போகிறார். அதற்குள் விமானம் தயாராக வேண்டும்.

இடது இறக்கைத் துணி முழுவதையும் உரித்தேன். உட்பக்கம் திருப்பினால் என் தையல்கள் எல்லாம் தெரிகின்றன. நுனியில் ஒன்று, கதவு கிழித்தது ஒன்று. நல்ல தையல்கள். எதிலும் ஒரு நூல்கூட விடவில்லை. சுருட்டிக் குப்பையில் போட்டு எரித்தேன். டோப் பூசிய துணி குபீரென்று பிடித்துக்கொள்ளும். தள்ளி நிற்க வேண்டும்.

23 ஜனவரி

புதுத் துணியைப் போர்த்தியாகிவிட்டது. இனி அதைச் சட்டங்களோடு சேர்த்துத் தைக்க வேண்டும். இறக்கையை நிமிர்த்தி வைத்து, ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் ஒருவர் நின்று நீளமான ஊசியை மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். தனியாக ஆகாது. இதுவரை மறுபக்கம் சார்தான் நிற்பார். அதிகாரி என்றெல்லாம் பார்க்கமாட்டார்.

ஊசியைத் தள்ளிவிட்டு, மறுபக்கம் ஓடிப்போய் இழுத்து, திரும்ப ஓடிவந்து பார்த்தேன். மத்தியானத்துக்குள் ஒரு சட்டம்கூட முடியவில்லை.

24 ஜனவரி

எஸ்தர் வந்தாள். நான் கூப்பிடவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றாள். "எங்க குத்தணும்னு சொல்லுங்க" என்றாள்.

நடுவில் இறக்கை. அவள் முகம் எனக்குத் தெரியாது. என் முகம் அவளுக்குத் தெரியாது. ஊசி மட்டும் வந்து வந்து போனது. ரொம்ப நேரம் கழித்து அவள் பேசினாள்.

"அன்னிக்கு நான் கண்ண இறுக்க மூடிக்கிட்டேன். ஒரே மழ, இருட்டு. பிள்ளைக்கு மூச்சு இழுக்குது. சார் சொன்னாக, ‘கண்ணைத் தொறந்துக்கோங்கோம்மா, கொழந்தையப் பாத்துக்கோங்கோ, மத்ததெல்லாம் நான் பாத்துண்டுதான் இருக்கேன்’னு. தொறந்து பாத்தா ஒண்ணுமே தெரியல, வெறும் வெள்ள. இவுகளுக்கு மட்டும் எப்படித் தெரியுதுன்னு நெனச்சேன்."

என்னால் ஊசியைத் தள்ள முடியவில்லை.

"நூல் வரல" என்றாள் மறுபக்கத்திலிருந்து. நான் முகத்தைத் துடைத்துக்கொள்ளும்வரை அவள் இந்தப் பக்கம் வரவில்லை.

2 பிப்ரவரி

எல்லாச் சட்டமும் தைத்தாயிற்று. எஸ்தரின் விரல்களில் மெழுகு நூல் அறுத்த கோடுகள்.

11 பிப்ரவரி

டோப் மூன்று பூச்சு முடிந்தது. அதன்மேல் வெயில் தாங்க வெள்ளிப் பூச்சு. தட்டினால் டங்கென்று கேட்கிறது. கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

1 மார்ச்

புதுப் பயிற்சியாளர் வந்துவிட்டார். வயது குறைவு. விமானத்தை மேலே கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு இறங்கி, "நல்ல வேலை" என்று கைகுலுக்கினார்.

சார் பம்பாயில் இருக்கும் மகனிடம் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

15 மார்ச்

ஹேமலதா இன்று முதல் முறையாகத் தனியாகப் பறந்தாள்.

அவள் எஞ்சினை முடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. கோமளம் மாமி இறங்கினார். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு சார். இளைத்திருந்தார். வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடி. ஹேமலதாதான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் ஹேங்கருக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். அங்கேயே நின்றேன்.

விமானம் ஓடி மேலே எழுந்தது. மாமி காருக்குப் போய் நிழலில் உட்கார்ந்துகொண்டார். சார் வெட்டவெளியில் நின்று வானத்தில் தேடினார். தலையை இங்கும் அங்கும் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு அகப்படவில்லை. விமானம் வடக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவர் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் போனேன். அவருக்கு நேர் முன்னால் போய் நின்று, "நான்தான் சார்" என்றேன்.

அவர் போ என்று சொல்லவில்லை.

அவர் வலது கையை மணிக்கட்டில் பிடித்து உயர்த்தி விமானம் இருந்த பக்கம் நீட்டினேன். தன் விரல் காட்டும் இடத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஆ" என்றார். "இருக்கா."

விமானம் நகர நகரக் கையை நகர்த்தினேன். பாளையத்துக் கண்மாய்க்கு மேலே திரும்பியது. அவரையும் சேர்த்து மெதுவாகத் திருப்பினேன். அவர் என் கால்மேல் கால் வைக்காமல் கவனமாகத் திரும்பினார். "ஒசரம் சரியா வெச்சிருக்காளா?" என்று கேட்டார். "சரியா இருக்கு சார்." "திரும்பறச்சே மூக்குத் தாழறதா?" "கொஞ்சம் தாழுது சார்." "தாழும். மொதல் தடவை தாழும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் நாடி என் விரலுக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

விமானம் இறங்க வந்தது. கையைத் தாழ்த்திக்கொண்டே வந்தேன். தரைக்கு வந்ததும், வெள்ளைக் கற்களும் வெயிலும் சேர்ந்து அவருக்கு மறுபடி தவறிவிட்டது.

"எறங்கிட்டாளா?"

"எறங்கிட்டா சார்."

"எப்படி எறக்கினா?"

நல்லா எறக்கினா என்று சொல்ல வாய் வந்தது.

"ரெண்டு தடவை துள்ளிச்சு சார். இடது சக்கரம் மொதல்ல பட்டுச்சு. பெறவு நேராக்கிட்டா."

சிரித்தார். "சொல்லு அவகிட்ட. நான் சொன்னேன்னு சொல்லு. கடைசியில கை நிதானமா இருக்கணும்." சிரிப்பு அடங்கிய பிறகும் அப்படியே நின்றார். பிறகு தன் கையை என் பிடியிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "கோமளா" என்று கூப்பிட்டார்.

மாமி வந்து அழைத்துப் போனார். ஹேமலதா ஓடி வந்து காரருகே அவர் காலில் விழுந்தாள். தலையில் கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். கார் கிளம்பும்போது நான் நின்ற பக்கம் திரும்பவில்லை. நான் அவருக்கு இடப்பக்கம் நின்றிருந்தேன். அங்கே நான் நின்றது அவருக்குத் தெரிந்திருக்காது என்று எஸ்தரிடம் சொன்னேன்.

எஸ்தர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

16 மார்ச்

சாயங்கால ரயிலில் போய்விட்டார்கள். மெர்சி ஸ்டேஷனுக்குப் போய் வந்தாள். நான் போகவில்லை.